உட்கார்ந்து அளந்தவர்

அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு ஆடு இருந்தது. நாற்பது கட்டங்கள், நாற்பது படங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே ஊன்றிய மூங்கில் கம்பு, கம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய பட்டைகள், கம்பைச் சுற்றிப் புல், புல்லுக்குள் அந்த ஆடு. சிலவற்றில் முழு உடம்பு, சிலவற்றில் பின்பக்கம் மட்டும், ஒன்றில் இரண்டே இரண்டு காதுகள். அளவெடுக்கும் கட்டத்துக்குள் ஆளோ விலங்கோ இருக்கக்கூடாது என்று நாங்கள் அனுப்பிய வழிமுறைத் தாளில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. படம் எடுத்து அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அது எங்கூடத்தானுங்க வரும். கட்டிப் போட்டா கத்துது. நீங்க வேணும்னா கம்ப்யூட்டர்ல அழிச்சுக்குங்க சார்" என்றார் அவர். அழித்தேன். அழிப்பதுதான் எங்கள் தொழில் என்று அந்த மனிதருக்கு அப்போதே எப்படித் தெரிந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

எங்கள் அலுவலகம் மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. பலகைத் தளம். கீழே லாரி வந்து நின்றால் மேலே என் திரை ஒரு முறை நடுங்கும், கூடவே நானும். இங்கே உட்கார்ந்துகொண்டு உலகத்தை அளந்து கொடுப்பது எங்கள் வேலை. எங்கோ ஒரு சிறிய விமானம் பறக்கும். அதன் வயிற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி துடித்துத் துடித்துக் கீழே இறங்கும். இலையில் பட்டுத் திரும்பும், கிளையில் பட்டுத் திரும்பும், மண்ணில் பட்டுத் திரும்பும். போய்த் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிட்டு, பட்ட இடத்தில் இயந்திரம் ஒரு புள்ளி வைக்கும். அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கணினி வட்டில் அடைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். இது மண், இது புல், இது புதர், இது மரம், இது குறுக்கே போன காக்கை என்று நாங்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் என் மாமனார் இதை இன்றுவரை நம்பவில்லை. நான் சுக்கு எடை போடுகிறேன் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.

அந்த வருஷம் வந்த வேலை ஒரு சவானா. பெயரைக் கேட்டதும் சிங்கம் வரும், ஒட்டகச்சிவிங்கி வரும் என்று குஷியானேன். வட்டைத் திறந்து இடத்தைப் பார்த்தால் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எங்களுக்குக் கொட்டித் தீர்க்கிற மழை, மலையைத் தாண்டும்போது கையை உதறிவிட்டுப் போகும் பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் புல், அங்கங்கே குடை பிடித்த மாதிரி ஒரு வெள்வேல மரம், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கொளிஞ்சிச் செடியும் துத்திச் செடியும். புத்தகம் அதைச் சவானா என்கிறது. அந்த ஊர்க்காரர்கள் காடு என்கிறார்கள். காகிதத்தில் அதற்கு இருந்த பெயர் மேய்ச்சல் புறம்போக்கு.

விமானம் பறந்தால் மட்டும் போதாது. தரையிலும் ஓர் ஆள் நடக்க வேண்டும். அங்கே நடப்பதற்கு உள்ளூரிலேயே ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தார்கள். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அவரோடு பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் தடவை கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று "அண்ணாச்சி" என்றேன். மறுமுனையில் சிரிப்பு. "எங்கூர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க. சும்மா அண்ணான்னு கூப்புடுங்க, போதும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க தமிழு தேங்காயெண்ணெயில போட்டு எடுத்த மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் ஊறிய தமிழுக்கு அதைவிடச் சரியான நற்சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், நேரில் பார்த்ததில்லை. தினமும் சாயா நேரத்தில் ஒரு அழைப்பு. கட்டத்தின் எண், புல்லின் உயரம், புதர் எத்தனை, பிறகு ஊர் வம்பு, பிறகு என் வேடிக்கைப் பேச்சு. நான் என்ன சொன்னாலும் சிரிப்பார். சிரிக்கிற ஆள் கிடைத்துவிட்டால் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்? பேசிக்கொண்டே இருப்பேன்.

அந்த நிலத்தில் அவருக்கு என்ன அக்கறை என்பதை இரண்டாவது வாரத்தில் சொன்னார். "எங்க ஊர் ஆடு மாடு பூராவும் அதுலதான் வயிறு ரொப்புதுங்க. சோலார்க்காரங்க அந்த எடத்தக் கேட்டு நெருக்கறாங்க. பாக்க வர்ற ஆபீசருக கார விட்டே எறங்கறதில்ல. மரம் கம்மி, ஆக வெறும் பூமின்னு எழுதிப் போட்டுப் போயிடறாங்க. புல்லு அவங்க கண்ணுக்குத் தெரியறதில்லீங்க. இப்ப லேசர் வெச்சுப் பாக்கறாங்களாமா. அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கெடையாது. இருக்கறத இருக்குன்னு சொல்லிப் போடுமுங்க. லேசர் பொய் சொல்லாதுங்களே?"

"சொல்லாது அண்ணா. பொய் சொல்றதுக்குத்தான் அதுக்குப் பக்கத்துல என்னை உட்கார வெச்சிருக்காங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்.

அந்த நிலத்தில் செடிகொடி எவ்வளவு மூடியிருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொல்லும். அதை வைத்து அது மேய்ச்சல் நிலமாகவே இருக்குமா, வெறும் பூமி என்று குத்தகைக்குப் போகுமா என்று முடிவாகும். அவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் அதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் புல்லில்தான் இருந்தது.

மரத்தை அளப்பது சுலபம். ஒளி உச்சியில் பட்டு ஒரு தடவை திரும்பும், இடுக்கு வழியாக இறங்கி மண்ணில் பட்டு இன்னொரு தடவை திரும்பும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் மரம். புல் அப்படியில்லை. அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. அதன் நுனியில் பட்ட ஒளியும் அதன் காலடியில் பட்ட ஒளியும் ஏறக்குறைய ஒன்றாகவே வீடு திரும்புகின்றன. இது புல்லா, மேடான மண்ணா என்று இயந்திரத்துக்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குத்தான் தரையில் ஒருவர் கம்பை ஊன்றி, குனிந்து, கண்ணால் பார்த்து, இங்கே புல் இவ்வளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். உயரமாக நிற்பதற்குச் சாட்சி தேவையில்லை. குட்டையாக இருப்பதற்குத்தான் சாட்சி தேவை. அண்ணன்தான் அந்தச் சாட்சி. நாற்பது கட்டங்களிலும் வெயிலில் முழங்கால் போட்டு ஒவ்வொரு கொத்தையும் அளந்தார். அவர் அனுப்பிய தாள்களில் வேர்வை உலர்ந்த உப்புக்கோடு இருந்தது. அதை வருடிப் பார்த்து, எங்கள் வேலையைச் சரிபார்க்கிற பெண்மணியிடம், "இத்தா, இதில் கொஞ்சம் மிளகாய்ப் பொடி போட்டால் மாங்காய் தின்னலாம்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி என்னுடைய கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் அடிச்சுவாரி. மலையாளத்தில் துடைப்பத்தால் பெருக்கி அள்ளுவதற்கு அப்படிச் சொல்வோம். வைப்பின் தீவில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு வரைபடம் செய்தபோது, தரையில் கிடந்த வலை, களை, உடைந்த வள்ளம் எல்லாம் மேடு மாதிரித் தெரிந்து எங்களைப் படாதபாடு படுத்தின. முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் தரை என்று ஒரே தட்டில் பெருக்கித் தள்ளுகிற ஒரு சிறிய கணினி நிரலை எழுதினேன். மூன்று வார வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு வந்த எல்லா வேலையும் வெள்ளம், சாலை, கால்வாய் என்றே இருந்ததால், வட்டைத் திறந்ததும் முதலில் அடிச்சுவாரியைத் தட்டிவிடுவது எங்கள் கைப்பழக்கம் ஆகிவிட்டது. கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

சவானா வட்டைத் திறந்தபோதும் தட்டினேன்.

முழங்காலுக்குக் கீழே வாழ்கிற ஒரு நிலத்தை முழங்கால்வரை பெருக்கித் தள்ளிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. திரையில் வழவழவென்று ஒரு தரை, அதன்மேல் தனித்தனியாக மரங்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தைக் கழுவிவிட்டு நாற்காலி போட்ட மாதிரி.

அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் மத்தியானம் இத்தா என் மேஜைக்கு வந்தார். சரிபார்க்கிற அதே பெண்மணி. மட்டாஞ்சேரி வழக்கப்படி அக்கா என்ற அர்த்தத்தில் எல்லோருக்கும் இத்தா. கையில் அண்ணனின் தாள்கள். "எடா, இந்த ஆள் புல்லு முட்டுவரைக்கும்னு எழுதியிருக்கார். நம்மட லேசர்ல ஒரு துரும்புகூட இல்ல. நாப்பது கட்டத்திலும் இதே கதை. ஒண்ணுகில் அவருக்குத் தெற்று, அல்லெங்கில் நமக்கு. எதுன்னு பறயணும்."

தப்பு அவருடையதா, நம்முடையதா, எதுவென்று சொல்ல வேண்டிய இடம் அது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நான் சொன்னேன்: "உட்கார்ந்து அளந்திருப்பார் இத்தா. உட்கார்ந்து பார்த்தா எந்தப் புல்லும் உயரந்தான்."

இத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக் கண்ணாடி நழுவி விழப் பார்த்தது. "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார். அட்டவணையில் காரணம் என்றொரு பத்தி உண்டு. ஒதுக்கிய ஒவ்வொரு கள அளவுக்கும் ஏன் ஒதுக்கினோம் என்று எழுத வேண்டும். முதல் வரியில் எழுதினேன்: அளந்தவர் உட்கார்ந்த நிலையில் அளந்திருக்கலாம். பிறகு அட்டவணையில் அந்தப் பெட்டியின் மூலையைப் பிடித்து நாற்பதாவது வரிவரை இழுத்துவிட்டேன்; நாற்பதிலும் அதே வாக்கியம் விழுந்தது. அனுப்பும் முன் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார், இணையம் விட்டு விட்டு வந்தது, கோப்பு ஏறுகிறதா ஏறுகிறதா என்று மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றோம், ஏறியதும் கைதட்டினோம். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் அது வேடிக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் எதற்கும் ஒரு கோட்டும் டையும் வந்துவிடுகிறது.

மூன்று நாள் கழித்து வைப்பினிலிருந்து இன்னொரு வேலை வந்தது. வட்டைத் திறந்தேன், விரல் தானாக அடிச்சுவாரிக்குப் போயிற்று, கடைசியாக இது எந்த வேலையில் ஓடியது என்று திரை ஒரு வரியில் காட்டியது. சவானா என்றிருந்த அந்த வரியைப் படித்தேன். காது சூடாயிற்று. பிறகு உள்ளங்கால். மனிதனுக்குப் பயம் தலையிலிருந்து இறங்குமா, காலிலிருந்து ஏறுமா என்று எனக்குள் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இரண்டும் வயிற்றில் சந்தித்தன. கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி போனேன். நான்காவது தடவை இத்தா, "எடா, நிறைய மீன் தின்னாயோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழே இறங்கிச் சாயாக் கடையில் இரண்டு சாயா குடித்தேன், காசு கொடுக்க மறந்து நடந்தேன், கடைக்காரச் சேட்டன் கூப்பிட்டதும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியாமல் அவர் ஒரு பழம்பொரி பஜ்ஜியை எடுத்துக் கையில் வைத்தார்.

மேலே வந்து, பழைய வட்டை அடிச்சுவாரி இல்லாமல் மறுபடி திறந்தேன்.

இருந்தது. தரைக்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மூடுபனி மாதிரிப் புள்ளிகள். எல்லா இடத்திலும் இல்லை. அண்ணன் சொன்ன உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அந்தப் பனிக்குள்ளே மெல்லிய கோடுகள் ஓடின. கிணற்றைப் பார்த்து, மர நிழலைப் பார்த்து, ஊரைப் பார்த்து. முதலில் விமானத்தின் கோளாறோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, ஆடுகள் நடந்து நடந்து புல்லுக்குள் போட்ட தடங்கள். ஆயிரம் அடி உயரத்தில் பறந்த இயந்திரம் ஆட்டுத் தடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இருபது வருஷ வேலையில் அவ்வளவு அழகான ஒன்று என் திரையில் வந்ததில்லை. பத்து நிமிஷம் பார்த்தேன். யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்டது. மூடிவிட்டேன்.

திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஒரு சிறு திருத்தம்' என்று தலைப்பு வைத்தேன். சிறு என்பதை எடுத்தேன். பிறகு திருத்தம் என்பதை விளக்கம் ஆக்கினேன். ஒரு வாரத்தில் அந்தக் கடிதம் பதினொரு தடவை உருமாறி, கடைசியில் பண்டிகை வாழ்த்து மாதிரி ஆகிவிட்டது, அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். திட்டுவார்கள், அவ்வளவுதான்; முதலாளி அவ்வளவு மோசமான மனிதர் இல்லை. எனக்கு இருந்த பயம் வேறு. கடிதம் போனால் அந்த அட்டவணையை எல்லோரும் திறப்பார்கள், அந்த வேடிக்கையைப் படிப்பார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊரையே கிண்டல் செய்து திரிகிறவனுக்குத் தன்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பதைத் தாங்கும் உடம்பு கிடையாது. இவ்வளவுதான் நான். அந்த ஊரின் புல்லுக்கும் வெறும் பூமிக்கும் நடுவே நின்றது இதுதான்.

அண்ணன் தினமும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒரு நாள் கைதவறி எடுத்துவிட்டேன். வாயிலிருந்து தடித்த குரலில் மலையாளம் வந்தது: "ஹலோ, ஆரா? இவிடெ அங்ஙனெ ஒராள் இல்லல்லோ." இங்கே அப்படி ஓர் ஆளே இல்லை என்று. இவ்வளவு வயதான ஒரு மனிதன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், தன் சொந்தக் கைபேசியில் தானே வேறு ஆளாக நடித்தேன். "சரிங்க சார். அவரு வந்தார்னா, ரிப்போர்ட்டு என்ன ஆச்சுன்னு ஊர்ல கேக்கறாங்கன்னு மட்டும் சொல்லிப் போடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மழைக்காலம் முடிந்ததும், குத்தகைக்குப் போய்விட்ட அந்த இடத்துக்கே இன்னொரு வேலை எங்களிடம் வந்தது. சோலார் பேனல்கள் வரிசையாக நிற்க வேண்டும், எங்கே மண் மேடு, எங்கே பள்ளம் என்று வேண்டுமாம். புதிதாகப் பறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருந்த தரை மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டவர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். முதலாளி எல்லோருக்கும் பரிப்புவடை வாங்கிக் கொடுத்தார். இத்தா தன் வடையை எடுக்கவில்லை. "எடா, அப்ப நீ எழுதினது தமாஷ்தானே, மாத்திட்டுத்தானே அனுப்பினே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வடையைக் கடித்தேன். அதற்குப் பிறகு அவர் என் வேடிக்கைகளுக்குச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கைபேசியில் அந்த எண் வந்தது. இந்தத் தடவை என் சொந்தக் குரலில்தான் பேசினேன். அவர் கொச்சியில் இருந்தார். ஆறு மாதமாகத் திருப்பூணித்துறையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. "உங்கள ஒரு சின்ன ஒதவி கேக்கலாம்னுங்க" என்றார். மட்டாஞ்சேரி படகுத் துறைக்கு வரச் சொன்னேன். போகிற வழியெல்லாம் என்ன வேடிக்கை சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். அந்த யோசனைக்காகவே என்னை யாராவது அறையலாம்.

அவரை நான் உயரமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். குட்டையான மனிதர். கட்டட வேலையில் உள்ளங்கை முழுக்கத் துருப்பிடித்த நிறம். துறைக்குப் பக்கத்துக் கடையில் சாயா சொன்னேன். ஆடுகளைப் பற்றிக் கேட்டேன். "வித்தாச்சுங்க. மேய்க்க எடமில்லாம வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். கறுப்பு ஆட்டையும்தானா என்று கேட்க வாய் வரவில்லை. சாயா வந்தது. ஆறியது. "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"ரிப்போர்ட்டு விசயந்தானுங்களே?" என்றார். "தெரியுமுங்க. ஊர்க்காரங்களக் கூப்புட்டுக் கூட்டம் போட்டாங்க. ஒரு பொண்ணு இங்கிலீசுல இருக்கறதத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு. ஒண்ணாம் நெம்பர், அளந்தவர் உக்காந்துட்டு அளந்திருக்கலாம். ரெண்டாம் நெம்பர், அளந்தவர் உக்காந்துட்டு அளந்திருக்கலாம். அது பாவம், வேலையச் சுத்தமாச் செய்யற பொண்ணு. நாப்பதையும் படிச்சுச்சுங்க. மொத நெம்பருக்கே சனம் சிரிச்சுப் போட்டாங்க. பத்தாவது வரைக்கும் நானும் சிரிச்சுட்டுத்தான் இருந்தனுங்க."

"அண்ணா…"

"நீங்கதான் எழுதுனதுன்னு அப்பவே தெரியும். ஆபீசுல வேற எவனுக்கு அப்படி எழுத வரும், சொல்லுங்க?" அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடிச்சுவாரி, அனுப்பாத கடிதம், என் தடித்த மலையாளக் குரல். அந்தக் குரல் வந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப, அந்த லேசருக்குப் புல்லு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது அண்ணா. முழுசா இல்ல. ஆனா தெரிஞ்சுது. ஆடு போற தடம்கூடத் தெரிஞ்சுது. கிணத்துக்குப் போறது, மரத்தடிக்குப் போறது, எல்லாம்."

எதிரே எறணாகுளத்திலிருந்து வந்த படகு ஆட்களை இறக்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. "சரிங்க. அது பொய் சொல்லல" என்றார் அண்ணன் கடைசியில். ஏதோ ஒரு நண்பனைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டு, இப்போது மாற்றிக்கொள்வது போல. இப்போதாவது திருத்தி எழுதலாம், யாரிடமாவது கொண்டு போகலாம் என்று நான் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "கம்பி வேலி போட்டு, குழி தோண்டி, காங்கிரீட்டு ஊத்தி ஒன்றரை வருசம் ஆச்சுங்க. யார்கிட்டப் போயி எதக் காட்டப் போறீங்க? அத விடுங்க. நான் வந்தது வேற சோலிக்கு."

வேலை இதுதான். அந்தச் சோலார் வேலிக்குள்ளே பேனல்களின் அடியில் புல் மண்டிவிட்டதாம். அதை வெட்டிக்கொண்டே இருக்க உள்ளூர் ஆட்களை எடுக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். "இல்லாத புல்லு வெட்டறதுக்கு மாசச் சம்பளத்துல ஆள் எடுக்கறாங்க, பாத்துக்குங்க" என்று அவரே சொன்னார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த வேடிக்கை அது. சிரிக்க முடியவில்லை. பெயர் கொடுக்க அவர் ஊருக்குப் போக இரண்டு நாள் விடுப்பு வேண்டும்; கட்டட கான்ட்ராக்டருக்குத் தமிழ் ஏறாது, இவருக்கு மலையாளம் ஏறாது. நான் பேசித் தர வேண்டும்.

"அந்த வேலை உங்களுக்கு வேணுமா அண்ணா?" என்றேன்.

"அதுக்குள்ள போறதுக்கு வேற வழி இல்லீங்களே" என்றார்.

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். எரிச்சலான குரல். "ரெண்டு திவசமா? இவர் போயால் போயதா. நேரிட்டு விளிச்சுன்னு பறயுந்நதெல்லாம் உள்ளதாணோ, அதோ சும்மா பறயுந்நதோ? அயாளை விஸ்வசிக்காமோ?" என்று கேட்டார். இவர்கள் போனால் திரும்புவதில்லை, நேரில் கூப்பிட்டதாகச் சொல்வது உண்மையா, அந்த ஆளை நம்பலாமா என்று. பழக்கதோஷம், என் நாக்கின் நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் கான்ட்ராக்டர் சிரித்து இளகியிருப்பார். விழுங்கினேன்.

"விஸ்வசிக்காம் சேட்டா. அயாள் பறஞ்ஞால் அது சரியாயிரிக்கும்" என்றேன். நம்பலாம், அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி. போய் வரட்டே."

கைபேசியை வைத்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க சொல்றாரு?"

"போயிட்டு வரச் சொல்றார்."

"எதாச்சும் எழுதித் தரோணுமாங்களா?"

"வேண்டாமாம். நான் சொன்னதே போதுமாம்."

அடுத்த படகு துறையில் வந்து முட்டியது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

"உங்க ஒரு வார்த்த போதுமாமாங்க?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் படகில் ஏறிக்கொண்டார்.